வாசலில் நின்ற ஆறு வாரம்

“...கூப்பிடுவாங்கன்னுதான் சார் நிக்கிறேன். ஆறு வாரமா நிக்கிறேன். ஒரு நாள்கூட கூப்பிடல. அதான், நாளையிலேர்ந்து கம்பெனி வேன்ல ஏறிடலாம்னு இருக்கேன்.”

போன செவ்வாய்க்கிழமை. காலை எட்டேமுக்கால் தாண்டியிருக்கும். தாம்பரம் மேற்கு பஸ் ஸ்டாண்டில் படப்பை பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். நண்பர் வீட்டுக் கிரகப்பிரவேசம். அப்போது படப்பையிலிருந்து வந்த பஸ்ஸிலிருந்து இந்தப் பெண் இறங்கினாள். கழுத்தில் கல்லூரி அடையாள அட்டை, தோளில் பை. இறங்கிய எல்லாரும் ஸ்டேஷன் பக்கம் ஓடுகிறார்கள். இவள் மட்டும் கண்டக்டரிடம், இதே பஸ் எப்போது திரும்பும் என்று விசாரித்தாள்.

திரும்பியவள் என்னைப் பார்த்தாள். சட்டென்று நிமிர்ந்து, “குட் மார்னிங் சார்” என்றாள்.

எனக்கு அவளைத் தெரியாது. அவளுக்கு என்னைத் தெரியும். பெயர் மகேஸ்வரி. படப்பையைத் தாண்டி ஒரு கிராமத்துப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பிரிவு உபசார விழா நடந்தபோது நான்தான் சிறப்பு விருந்தினர். அவள் மூன்றாவது வரிசையில் தரையில் உட்கார்ந்திருந்தாளாம்.

அன்றைக்கு எனக்குக் கொடுத்த தலைப்பு என்ன தெரியுமா? ‘கல்லூரி வாழ்க்கையை எதிர்கொள்வது எப்படி?’

இந்த இடத்தில் ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் கல்லூரிக்குப் போனதில்லை. பத்தாவது முடித்ததும் இரும்புலியூரில் ஒரு அச்சகத்தில் சேர்ந்து, மற்றவர்கள் எழுதியதில் பிழை திருத்தித் திருத்தியே படிக்கக் கற்றுக்கொண்டவன். கல்லூரியைப் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன். அந்தத் தகுதி போதாதா? முக்கால் மணி நேரம் பேசினேன். பிள்ளைகளுக்கென்று வாங்கிவைத்த சமோசா ஆறிப்போகும் வரை பேசினேன்.

சரி, மகேஸ்வரிக்கு வருவோம். தாம்பரம் கிழக்குப் பக்கம் ஒரு கல்லூரியில் பி.காம். முதல் வருஷம். ஒன்பது மணிக்கு முதல் வகுப்பு. முந்தின பஸ்ஸில் ஏறலாமே என்கிறீர்களா? அது ஓரகடத்தில் நைட் ஷிப்ட் முடித்து வருகிறவர்களோடு படிக்கட்டில் தொங்கிக்கொண்டு வரும். அடுத்த பஸ் முடிச்சூரைத் தாண்டுவதற்குள் மணியாகிவிடும். ஆக, தினமும் பத்து நிமிஷம் லேட்.

லேட்டாக வந்தால் என்ன செய்ய வேண்டும்? அவளுக்குத் தெரிந்தது ஒன்றுதான். வகுப்பு வாசலில், தலையைக் குனிந்து நிற்க வேண்டும். டீச்சர் பாடத்தை ஒரு இடத்தில் நிறுத்தி, கண்ணாலேயே ஒரு அதட்டு அதட்டி, “வா உள்ள” என்பார். அதுவரை நகரக் கூடாது. பள்ளியில் பன்னிரண்டு வருஷமாக அதுதான் வழக்கம். ஐந்து நிமிஷத்துக்கு மேல் யாரும் நின்றதில்லை. ஏனென்றால் டீச்சருக்கு அவள் பெயர் தெரியும், அவள் அம்மாவைத் தெரியும், எந்த பஸ் ஏன் லேட் என்பதுகூடத் தெரியும்.

கல்லூரியில் முதல் நாள் அப்படித்தான் வாசலில் நின்றிருக்கிறாள். மேடம் ஒரு முறை திரும்பிப் பார்த்தார். பாடத்தைத் தொடர்ந்தார். அவ்வளவுதான். அந்த மணி நேரம் முடிந்து, இரண்டாவது வகுப்புக்கு உள்ளே போனாள். மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும்...

ஆறு வாரம்!

சும்மா நின்றாள் என்று நினைக்காதீர்கள். பையைத் திறந்து ஒரு நோட்டைக் காட்டினாள். முதல் மணி நேரத்துப் பாடம் மொத்தமும் அதில் இருக்கிறது. சுவரில் நோட்டை அழுத்தி வைத்து, நின்றபடியே எழுதியது. எழுத்தெல்லாம் மேலே ஏறுவதும் கீழே சரிவதுமாக இருந்தது. ஒரு வரிகூட விடவில்லை. வகுப்புக்குள் இருந்தவர்கள் எத்தனை பேர் அப்படி எழுதியிருப்பார்கள்?

பக்கத்து வகுப்பு வாசலிலும் ஒரு பெண் நிற்பாளாம். இவளுக்குப் பத்தடி தள்ளி. அவளும் தினமும்.

பேசிப் பார்த்தாயா என்று கேட்டேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். “வெளிய நிக்கும்போது பேசினா இன்னொரு பீரியடும் நிக்க வெச்சிடுவாங்களே சார். அதுவும் இல்லாம, அவ என்ன தப்பு பண்ணாளோ... நமக்கு எதுக்கு?”

இப்படி இரண்டு பெண்கள், ஒருத்திக்கு ஒருத்தி பயந்துகொண்டு, ஆறு வாரம்.

திங்கட்கிழமை நோட்டீஸ் போர்டில் பட்டியல் ஒட்டிவிட்டார்கள். முதல் பாடத்தில் மகேஸ்வரிக்கு வருகை குறைவு. இப்படியே போனால் அந்தப் பரீட்சை எழுத முடியாது, பெற்றோரை அழைத்து வரவும். அம்மா ஓரகடத்தில் ஒரு கம்பெனி கேன்டீனில் வேலை செய்கிறார். அந்த வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் ஆள் இவள்தான். தெருவில் எல்லாரிடமும் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டிருக்கிற அம்மாவிடம் போய், நான் தினமும் வகுப்புக்கு வெளியேதான் நிற்கிறேன் என்று எப்படிச் சொல்வது? அதைவிட, படிப்பு பிடிக்கவில்லை என்று சொல்லிவிடலாம். காலை ஆறு மணிக்குக் கம்பெனி வேன் அவர்கள் தெருவுக்கே வருகிறது. கூடப் படித்த இரண்டு பேர் ஏற்கெனவே அதில் வேலைக்குப் போகிறார்கள். யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, திரும்பிப் போகிற பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

உள்ளே போய் உட்கார்ந்துவிட வேண்டியதுதானே, ஏன் போகவில்லை என்று கேட்டேன். அவள் பழைய பள்ளி நோட்டு ஒன்றை எடுத்தாள். மேடையில் யார் எது பேசினாலும் எழுதிக்கொள்கிற பிள்ளை போலிருக்கிறது. கடைசிப் பக்கத்தில் என் பேச்சு. வரிசை எண் போட்டு, அழகான கையெழுத்தில். நான்காவதை விரலால் தொட்டுக் காட்டினாள்.

‘கல்லூரியில் மரியாதைதான் முதல் மார்க். பெர்மிஷன் இல்லாமல் ஒரு அடிகூட எடுத்து வைக்கக் கூடாது.’

நானா சொன்னேன்? சொல்லியிருப்பேன். என் வாய்தான் அது. கைதட்டல்கூட வாங்கியிருப்பேன்.

சரிம்மா, அப்படியென்றால் பெர்மிஷன் கேட்டிருக்கலாமே என்று மழுப்பினேன். கேட்கத்தான் நினைத்தாளாம். பஸ்ஸில் வரும்போதெல்லாம் ‘மே ஐ கம் இன் மேடம்’ என்று மனசுக்குள் சொல்லிப் பார்ப்பாளாம். பள்ளியில் ‘உள்ள வரலாமா டீச்சர்’தான். அறுபது பேர் திரும்பிப் பார்க்க, இங்கிலீஷில்... வாசலுக்கு வந்ததும் குரல் வராது.

உண்மையைச் சொன்னால், கல்லூரியில் லேட்டாக வந்தால் கேட்காமல் உள்ளே போகலாமா கூடாதா என்பதே எனக்குத் தெரியாது. சிறப்பு விருந்தினரின் லட்சணம்!

அப்போதுதான் பக்கத்து டைம் கீப்பர் கூண்டுக்குள்ளிருந்து ஒரு குரல். பஸ் வரும் நேரம், போகும் நேரம் எல்லாம் குறித்து, விசில் ஊதிக் கிளப்பிவிடுகிறவர். குறித்துக்கொண்டே காதையும் இந்தப் பக்கம் வைத்திருந்திருக்கிறார்.

“இந்தாம்மா, இங்க ஒரு பஸ்ஸு நிக்குதுன்னா, நான் நிக்க சொல்லிக்கீறேன்னு அர்த்தம். உன்னிய யாரும்மா நிக்க சொன்னது?”

மகேஸ்வரி பதில் சொல்ல வாயைத் திறந்தாள். ஆறு வாரத்தையும் ஒவ்வொரு நாளாகத் தேடிப் பார்க்கிறாள் என்பது முகத்தில் தெரிந்தது.

“யாரும் சொல்லல சார்.”

“அப்பறம் இன்னா?” என்றுவிட்டு, அவர் படப்பை பஸ்ஸுக்கு விசில் ஊதினார். நான் ஏற வேண்டிய பஸ். அவளும் ஏறுவதாக இருந்த பஸ். எங்கள் இரண்டு பேரையும் விட்டுவிட்டுப் போனது.

ஜனங்கள் போகிறபோக்கில் சொல்வதை எல்லாம் டிக்கெட் பின்னால் எழுதிவைக்கிற பழக்கம் எனக்கு உண்டு — இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும். இதை எழுதவில்லை. மறந்தால்தானே?

“இன்னிலேர்ந்து ஒரு நாள்கூட விடாம போனா, பரீட்சை எழுதற அளவு வந்துடும் சார்” என்றாள். கணக்கு ஏற்கெனவே போட்டு வைத்திருக்கிறாள் பாருங்கள்! அப்புறம் கொஞ்சம் தயங்கி, “கேட் வரைக்கும் வர்றீங்களா?” என்றாள்.

நடைமேம்பாலம் ஏறி இறங்கினோம். ஷேர் ஆட்டோ பிடித்தோம்.

பிற்பாடு தெரிந்துகொண்ட ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். சிட்லபாக்கத்தில் எனக்குத் தெரிந்த ஒரு பேராசிரியை இருக்கிறார், வேறொரு கல்லூரிக்காரர். வாசலில் நிற்கிற பிள்ளையை நீங்கள் ஏன் கூப்பிடுவதில்லை என்று சாயந்திரம் அவரிடம் கேட்டேன். அவர் சொன்னது: “யாருக்காகவோ வெயிட் பண்றாங்கன்னு நெனச்சுப்பேன் சார். பெரிய பசங்க. உள்ள வரணும்னா வருவாங்க. எல்லார் முன்னாடியும் கூப்பிட்டு எதுக்கு சங்கடப்படுத்தணும்?”

கேட்டீர்களா? இவள் மேடத்துக்கு மரியாதை கொடுத்து வெளியே நிற்கிறாள். அவர் இவளுக்கு மரியாதை கொடுத்துக் கூப்பிடாமல் இருக்கிறார். நடுவில் ஒரு வாசல், கதவு திறந்தேதான் இருக்கிறது!

பன்னிரண்டாவது படித்துக்கொண்டிருக்கிற கண்மணிகளே, அடுத்த வருஷம் உங்களுக்கு நடக்கப்போவது இதுதான். தண்ணீர் குடிக்கக் கையைத் தூக்கி, பெல் அடித்தால் எழுந்து, பெயர் சொன்னால் ஓடி — பன்னிரண்டு வருஷம். பிறகு ஒரு கோடை விடுமுறை. அது முடிந்து வந்தால் நீங்கள் பெரியவர்கள்! அப்படி ஆகிவிட்டீர்கள் என்று உங்களிடம் யாராவது சொல்வார்களா என்றால், மாட்டார்கள். கூப்பிடவில்லை என்றால் அது கோபம் இல்லை, ஒதுக்குவதும் இல்லை. உங்கள் கால் உங்களுடையது என்று விட்டுவிட்டார்கள், அவ்வளவே. போய் உட்காருங்கள். இங்கிலீஷ் வராவிட்டால் தமிழில் கேளுங்கள், அதுவும் வராவிட்டால் தலையை ஆட்டிவிட்டு நுழையுங்கள். தைரியமாகத் தெரிகிற பக்கத்து பெஞ்ச்காரிக்கும் முதல் மாதம் உங்களைப் போலத்தான் பயமாக இருக்கும்.

பெற்றவர்களே, சாயந்திரம் வந்ததும் என்ன நடத்தினார்கள் என்று கேட்காதீர்கள். யார் பக்கத்தில் உட்கார்ந்தாய் என்று கேளுங்கள். மகேஸ்வரியிடம் யாராவது அதைக் கேட்டிருந்தால், முதல் வாரமே விஷயம் வெளியே வந்திருக்கும்.

என் பேச்சின் நான்காவது பாயிண்டை இந்தப் பத்தியின் மூலம் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். மற்ற ஒன்பதையும் யாராவது எழுதி வைத்திருந்தால், தயவுசெய்து ஒரு முறை நல்லவர்களிடம் காட்டி விசாரித்துக்கொள்ளுங்கள்.

கல்லூரி வாசலில் வாட்ச்மேன் என்னை நிறுத்திவிட்டார். பேரண்ட்டா என்று கேட்டார். இல்லை என்றேன். கெஸ்ட்டா என்றார். அந்த வார்த்தைக்குத் தலையாட்ட எனக்குத் துணிச்சல் வரவில்லை.

அவள் தனியாகத்தான் உள்ளே போனாள். நான் எதிரே இருந்த டீக்கடையில் ஒதுங்கினேன். ரோட்டைப் பார்த்த கட்டிடம். முதல் மாடி வராந்தா அங்கிருந்து நன்றாகத் தெரிந்தது. வகுப்பு நடந்துகொண்டிருந்தது. இரண்டாவது கதவோரம் ஒரு பெண், பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

டீ மாஸ்டர் என் பார்வையைக் கவனித்துவிட்டார். “தெனம் ரெண்டு பொண்ணுங்க நின்னுகினு இருக்கும் சார். இன்னா தப்பு பண்ணிச்சோ பாவம்... இன்னிக்கி ஒண்ணுதான் கீது.”

படியேறி மகேஸ்வரி வந்தாள். தன் வகுப்பு வாசலில் நின்றாள். பழக்கம்! கை தானாகப் பைக்குள் போனது, நோட்டை எடுக்க. நான் கிளாஸைப் பிடித்தபடி நின்றேன். டீயில் ஆடை கட்டிவிட்டது.

கையை வெளியே எடுத்தாள். உள்ளே போனாள்.

“போய்ட்ச்சு” என்றார் மாஸ்டர்.

மூச்சு விட்டேன். விட்டு முடிப்பதற்குள் அவள் வெளியே வந்துவிட்டாள். மேடம் துரத்திவிட்டாரா? இதற்கும் நான்தானே காரணம்?

அப்புறம்தான் கவனித்தேன். அவள் தோளில் பை இல்லை.

படிக்கட்டுப் பக்கம் அவள் திரும்பவேயில்லை. எதிர்ப்பக்கம் பத்தடி நடந்து, அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து, திறந்திருந்த கதவுக்குள் அவளை மெதுவாகத் தள்ளிவிட்டாள். பிறகு ஓடிவந்து, இந்த முறை வாசலில் ஒரு நொடிகூட நிற்காமல், தன் வகுப்புக்குள் போய்விட்டாள்.