எட்டு ஹென்றியும் நாலு சுப்பிரமணியும்

திருத்தணி ஸ்டேஷனில் மதராஸ் வண்டிக்காகக் காத்திருக்கிறேன். நாளை சரித்திரப் பரீட்சை. மூன்றாவது முறையாக எழுதுகிறேன். இங்கிலாந்தை ஆண்ட எட்டு ஹென்றிகளும் பாழாய்ப்போன நம்பர்களோடு தலைக்குள் முட்டிக்கொள்கிறார்கள். பக்கத்தில் சாமந்தி மாலையோடு உட்கார்ந்திருக்கும் அம்மாள், என் முணுமுணுப்பைக் கேட்டுச் சிரிக்கிறாள்.

“எங்க தெருவுல நாலு சுப்பிரமணி, சார். நம்பரா போட்டுக் கூப்புட்றோம்? ஏர் ஓட்ற சுப்பிரமணி, மேளக்கார சுப்பிரமணின்னுதான். எந்தம்பி, கொடி புடிச்சிகினு ஜெயிலுக்குப் போன சுப்பிரமணி. வேலூர்ல வுட்டுட்டாங்களாம், இன்னிக்கு வந்துகினுகீறான்.”

நம்பர்களை அடித்துவிட்டு, ஒவ்வொரு ஹென்றியின் பக்கத்திலும் அவன் செய்ததை எழுதுகிறேன். மூன்று பேரைத் தாண்டுவதற்குள் முகங்களே தெரிய ஆரம்பிக்கின்றன.

அரக்கோணம் பக்கமிருந்து அவள் தம்பி வரும் வண்டியின் புகை தெரிகிறது.

“இனிமே தம்பிய என்னான்னு கூப்புடுவீங்க?”

அவள் எழுந்து மாலையை விரித்துப் பிடிக்கிறாள்.

“ஆங், வூட்டுக்கு வந்துட்ட சுப்பிரமணி.”