தியேட்டர் சிஸ்டர் ரோஸ்லினும் நான் எழுதிய புகாரும்

ரோஸ்லின் சிஸ்டர் இறந்துபோன செய்தியை எங்கள் மயக்க மருத்துவர்தான் போனில் சொன்னார். நான் காலைப் பலகாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். "நேத்து சாயங்காலம் நெஞ்சு வலின்னாங்களாம் சார். வண்டி வர்றதுக்குள்ள முடிஞ்சிருச்சு." எப்போது அடக்கம் என்று கேட்டுக்கொண்டேன். போனை வைத்துவிட்டு மீதி இருந்த இட்லியையும் சாப்பிட்டு முடித்தேன். எனக்கு அவரைப் பிடிக்காது. போடியில் எங்கள் இருவரோடும் வேலை பார்த்த உங்கள் எல்லோருக்கும் அது தெரியும்.

இரங்கல் கூட்டத்தில் பேசச் சொன்னீர்கள். மாட்டேன் என்றேன். ஆஸ்பத்திரி வாசலில் 'அன்பின் மறு உருவமே' என்று ஃப்ளெக்ஸ் கட்டியிருக்கிறீர்கள். யாருடைய அன்பு? இருபத்திரண்டு வருடம் ஆபரேஷன் தியேட்டரை நடத்திய அந்த அம்மாள் ஒருவரிடமும் அன்பாகப் பேசி நான் பார்த்ததில்லை. கை கழுவியது போதாது என்று நர்சுகளைத் திரும்பக் கழுவ வைத்து அழ விடுவார். நான் பேசப் பேச, எஸ்டேட்டில் வளர்ந்த பழக்கத்தில் "மதி டாக்டர்" என்பார். மலையாளத்தில் அதற்குப் 'போதும்' என்று அர்த்தம். ஒரு சர்ஜனிடம் அப்படிச் சொல்ல இந்த ஊரில் வேறு யாருக்கும் துணிச்சல் கிடையாது.

கொரோனா வந்த முதல் மாதத்தில் எங்களுக்கு ஒரே ஒரு பெட்டி நல்ல மாஸ்க் கிடைத்தது. சிஸ்டர் அதைத் தன் இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டினார். முதல் மாஸ்க் மயக்க மருத்துவருக்கு. இரண்டாவது, தியேட்டரைக் கழுவித் துடைக்கும் முத்துமாரிக்கு. எனக்கு அதற்குப் பிறகுதான். துடைப்பக்காரிக்குக் கொடுத்துவிட்டு எனக்கா என்று கத்தினேன். சிஸ்டர் குரலை உயர்த்தவே இல்லை.

"தொண்டையில குழாய் விடும்போது மூச்சு நேரா அவரு முகத்துலதான் அடிக்கும். நீங்க வயித்துப் பக்கம் நிக்கிறீங்க. நீங்க சோலி முடிஞ்சு வெளிய போனதும் உள்ள வந்து அத்தனையும் அள்ளுறவ இவ. யாருக்கு முதல்ல கொடுக்கணும், நீங்களே சொல்லுங்க."

முத்துமாரி மாஸ்க்கைக் கையில் வைத்துக்கொண்டு, போடுவதா வேண்டாமா என்று என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிறகு தவசி வந்தார். மலை மேட்டுக்கு அந்தப் பக்கம், மலையாள எல்லைக்குள் இருந்த ஏலக்காய் எஸ்டேட்டில் வேலை செய்தவர். எல்லையை அடைத்திருந்த நேரம். சோதனைச் சாவடியில் ஒரு ஜீப்பிலிருந்து இறக்கி, இந்தப் பக்கம் நின்ற இன்னொரு ஜீப்பில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். குடல் ஓட்டையாகி வயிறு பலகை மாதிரி இருந்தது. காய்ச்சலும் இருமலும் வேறு. கூட வந்த மனைவியின் காலில் அட்டை கடித்த இடத்தில் ரத்தம்கூடக் காயவில்லை.

சிஸ்டர் ஏசியை நிறுத்தச் சொன்னார். குழாய் போடும்போது மயக்க மருத்துவரும் அவரும் மட்டும் உள்ளே. போட்ட பிறகும் கதவைத் திறக்கவில்லை. உள்ளே காற்று அடங்க இருபது நிமிடம் ஆகவேண்டும் என்றார். கழுவிய கைகளை உயர்த்திப் பிடித்தபடி வட்டக் கண்ணாடி வழியாக நோயாளியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "ஆள் செத்தா நீதான் பொறுப்பு" என்று கத்தினேன். அதுவரை அவரை நான் 'நீ' என்று சொன்னதில்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து, "இன்னும் எட்டு நிமிஷம் இருக்கு டாக்டர். உங்களையும் சேர்த்து ஆறு பேரு வீட்டுக்குப் போகணும்" என்றார்.

மூன்றாம் நாள் தவசி இறந்தார். மறுநாள் அவருடைய பரிசோதனை முடிவு வந்தது. கொரோனா இருந்திருக்கிறது. எங்கள் ஆறு பேரில் ஒருவருக்கும் ஒன்றும் வரவில்லை. எனக்கு அது போதவில்லை. அத்தனை பேர் முன்னால் என்னை வெளியே நிற்க வைத்தது உள்ளே அரித்துக்கொண்டே இருந்தது. நிர்வாகத்துக்கு ஒரு பக்கத்தில் புகார் எழுதினேன். தியேட்டர் சிஸ்டரின் பிடிவாதத்தால் அறுவை சிகிச்சை தாமதமாகி நோயாளி இறந்தார் என்று எழுதினேன். கீழே ஒன்பது பேர் கையெழுத்துப் போட்டீர்கள். இப்போது ஃப்ளெக்ஸுக்குப் பணம் கொடுத்தவர்களில் அந்த ஒன்பது பேரும் இருக்கிறீர்கள்.

அது பொய். வயிற்றைத் திறந்த உடனேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ஓட்டை விழுந்து இரண்டு நாளாவது ஆகியிருந்தது. உள்ளே முழுக்கச் சீழ். இருபது நிமிடம் முன்னால் போயிருந்தாலும் தவசி பிழைத்திருக்க மாட்டார். மயக்க மருத்துவரும் பக்கத்தில் நின்று பார்த்தார். அவரும் கையெழுத்துப் போட்டார்.

சிஸ்டரைப் புறநோயாளிகள் பக்கம் கட்டுப்போடும் அறைக்கு மாற்றினார்கள். அலமாரிச் சாவி கைமாறியது. அன்றிலிருந்து முதல் மாஸ்க் எனக்கு. குழாய் போட்டதும் கதவு திறந்தது. அறுவை சிகிச்சை முடிந்ததும் முத்துமாரி துணி மாஸ்க்கோடு உள்ளே போய்த் துடைத்தாள். எல்லாம் வெரசா நடந்தது. எனக்கு நிம்மதியாக இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு மாதம் கழித்து முத்துமாரிக்கு மூச்சு முட்டியது. தேனிக்குக் கொண்டுபோனார்கள். அங்கேயே இறந்துபோனாள். மறுநாள் சிஸ்டர் என் அறைக்கு வந்தார். உட்காரவில்லை.

"முத்துமாரிக்கு நாப்பத்தோரு வயசு டாக்டர். உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது, அதான் சொல்ல வந்தேன்."

அவ்வளவுதான். நேராகப் போய் ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டுக் கிளம்பினார். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நானும் பதிலுக்குத் திட்டியிருப்பேன். அந்த வாய்ப்பைக்கூட அவர் தரவில்லை. அதன் பிறகு பஸ் ஸ்டாண்டிலோ கடைவீதியிலோ எதிர்ப்பட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார். அந்தத் திருப்பலுக்காகவே அவரை மூன்று வருடம் வெறுத்தேன்.

போன ஐப்பசியில், மழை விட்ட ஒரு காலையில், அவர் வீட்டுக்குப் போனேன். கம்பிக் கதவைத் திறக்காமலே நின்று, "எதுக்கு வந்தீங்க?" என்றார். தப்பு செய்துவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன்.

"என்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? எனக்கு வேலைதான் போச்சு. வாய்க்கால் பக்கம் மூணாவது வீடு. முத்துமாரி வீட்டுக்காரரு இருப்பாரு. அங்க போய்ச் சொல்லுங்க."

நான் போகவில்லை. நோயாளிகள் இருந்தார்கள், வேலை இருந்தது. சாக்குக்குப் பஞ்சமில்லை.

கல்லறைத் தோட்டத்தில் நீங்கள் எல்லோரும் வரிசையாக மண் போட்டுவிட்டுக் கிளம்பிய பிறகுதான் அந்த வாய்க்கால் பக்கத்து வீட்டுக்குப் போனேன். முத்துமாரியின் கணவர் கருப்பையா, மலை மேட்டு எஸ்டேட்டுகளுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்பு ஓட்டுகிறவர். அவரும் அடக்கத்துக்கு வந்துவிட்டு அப்போதுதான் வீடு திரும்பியிருந்தார். நாற்காலி எடுத்துப் போட்டு, காப்பி போடச் சொல்லட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். மாஸ்க், புகார், பொய், எதையும் விடவில்லை.

அவர் வாசற்படியில் உட்கார்ந்தார்.

"சிஸ்டரு மாசம் தவறாம இங்க வருவாங்க சார். வாசல்ல உக்காந்து அவளைப் பத்தியே பேசிட்டுப் போவாங்க. உங்க பேரை ஒரு நாளும் எடுத்ததில்ல. விதின்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்." எழுந்து நின்றார். "எந்திரிச்சுப் போங்க சார்."

போய்விட்டேன். அன்று இரவே உட்கார்ந்து, நான் எழுதிய புகார் பொய் என்று நிர்வாகத்துக்கு இன்னொரு கடிதம் எழுதினேன். இதுவரை பதில் இல்லை. அதில் கையெழுத்துப் போட ஒன்பது பேரில் எத்தனை பேர் வருவீர்கள் என்று தெரியவில்லை.

ரோஸ்லின் சிஸ்டர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. மன்னிக்கவும் இல்லை. இரண்டுமே அவர் முடிவு செய்தவை, என்னைக் கேட்டுச் செய்தவை அல்ல. அவரிடமிருந்து என்னிடம் இருப்பது இந்த இரண்டும்தான். இன்றைக்கும் எனக்கு அவரைப் பிடிக்காது. நாளை என் வயிற்றைத் திறக்க வேண்டி வந்தால், அந்தத் தியேட்டர் கதவும் அலமாரிச் சாவியும் அவர் கையில் இருக்கவேண்டும் என்றுதான் கேட்பேன்.