ஹயாத்தோடு இருக்கிறவருக்கு ஒரு பாத்திஹா

என் குரலை எங்கள் ஊரில் ஒருவருக்கும் பிடிக்காது. என் ஓட்டோவின் தலையில் கட்டியிருக்கும் ஒலிபெருக்கி கரகரத்தாலே போதும், அடுப்படியில் நிற்கிற பெண்கள் கரண்டியைப் பிடித்தபடி காது கொடுப்பார்கள். மீன் வெட்டுகிறவன் கத்தியை நிறுத்துவான். கல்முனைப் பக்கம் யார் மௌத்தானாலும் தெருத்தெருவாய்ப் போய் ஜனாஸா அறிவிப்பது நான்தான். இன்னாருடைய மகன், இன்னாருடைய கணவர், இத்தனை மணிக்கு நல்லடக்கம். கேட்டு முடித்ததும் "இன்னா லில்லாஹி" சொல்வார்கள். அதற்குப் பிறகு, நம்முடைய ஆள் இல்லை என்று ஒரு மூச்சு விடுவார்கள் பாருங்கள், அந்த மூச்சு எனக்கு ஓட்டோவுக்குள்ளேயே கேட்கும்.

அதே மைக், அதே குரல்தான் சனி ஞாயிறுகளில் அஸர் தொழுகைக்குப் பிறகு கடற்கரை மைதானத்தில் உதைபந்தாட்டத்துக்கு வர்ணனை சொல்கிறது. சிரிக்காதீர்கள். ஊரில் சொந்தமாக மைக் வைத்திருப்பவன் நான் ஒருவன்தான், வேறு யாரைக் கூப்பிடுவார்கள்? எங்கள் கழகத்தின் பயிற்றுவிப்பாளருக்கு நடந்ததை நான் சொல்வதுதான் முறை. அதில் என் பங்கும் இருக்கிறது.

அவரை எல்லோரும் சேர் என்போம். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். இருபத்திரண்டு வருடம் எங்கள் அணியைப் பழக்கினார். இருபத்திரண்டு வருடமும் ஏச்சு வாங்கினார். மீன் வியாபாரி ஒருவர் இருக்கிறார், சேர் உட்காரும் வெள்ளைப் பிளாஸ்டிக் கதிரைக்கு நேர் பின்னால் நின்றுகொண்டு முதல் விசிலிலிருந்து கடைசி விசில் வரை ஏசுவார். "கண் பொட்டையா சேர்?" என்று தொடங்கினால் அவருடைய வாப்பா, மூத்த வாப்பா வரைக்கும் போய்த்தான் நிற்கும். ஆட்டம் முடிந்ததும் அதே ஆள் சேருக்கு அரைக் கிலோ பாரை மீன் கட்டிக் கொடுப்பார். வென்றாலும் தோற்றாலும் இதுதான் வழக்கம்.

போன பருவத்தின் முதல் போட்டிக்கு முன்னால் சேர் வந்து என் மைக்கை வாங்கினார். "இந்த சீசனோட நான் ஒதுங்குறன். அடுத்த சீசன் இவன் பாப்பான்" என்று பக்கத்தில் நின்றவனின் தோளில் தட்டினார். அவன் சேரிடமே பத்து வருடம் பின்களத்தில் ஆடியவன், கொழும்புக்குப் போய்ப் பயிற்சி நெறியும் முடித்து வந்திருந்தான். அதிகம் கதைக்காத பிள்ளை. சனம் கை தட்டவும் இல்லை, கூச்சல் போடவும் இல்லை. கடல் இரைச்சல் மட்டும் மைக்கில் ஏறியது.

அன்றைக்கு ஆட்டம் முடிந்து என் ஓட்டோவில் சாய்ந்து பிளேன்டி குடிக்கும்போது கேட்டேன், என்ன அவசரம் சேர் என்று.

"அவசரம் ஒண்டுமில்லடா. இருபத்திரண்டு வருசமா எனக்கு ஏசினானுகள். எனக்கும் ஆசையா இரிக்கி. மௌத்தாக முந்தி, ஹயாத்து இரிக்கக்குள்ள ஒரு சீசனாவது அந்தப் பக்கத்துல நிண்டு, ஆக்களோட ஆளா, கோச்சுக்கு வாய் நெறய ஏசணும். அவ்வளவுதான்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். இதைவிடப் பெரிதாக அவர் எதையும் ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை.

ஆனால் எங்கள் ஊரில் ஒரு பொறுப்பை விட்டு ஆள் போவதென்றால் இரண்டே வழிதான். ஒன்று அடிபிடி, மற்றது மௌத்து. ஒரு மனிதர் ஒரு வருடத்துக்கு முன்பே சொல்லி, ஆளையும் காட்டி, சிரித்துக்கொண்டு போகிறேன் என்றால் சனம் என்ன நினைக்கும்? மூன்றாம் நாள் கழகத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவன் எழுதினான்: "சேருக்குக் கூடாத வருத்தமாம்." ஆளைக் கொண்டுபோகிற நோய் என்று அர்த்தம். அவ்வளவுதான். துஆக் கேட்கிற கைகளும் கண்ணீர் முகங்களுமாய்ப் பொழிந்தது. நான் குரல் பதிவு போட்டேன்: "விசர்க் கதை கதைக்காதீங்கடா, மனிசன் நல்லா இரிக்கார்." என் குரலே எதிரியாகிவிட்டது. ஜனாஸா அறிவிக்கிறவன் ஒருவரைப் பற்றி வாய் திறந்தால் சனம் என்னத்தை நம்பும்?

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து தோடம்பழமும் பிஸ்கட்டும் எடுத்துக்கொண்டு இருபது பேர் நோய் விசாரிக்கப் போய்விட்டார்கள். சேரின் மனைவி வாசலிலேயே மறித்தா. "அல்லாஹ் காவல்! என்ட மனிசன் மூணு நேரமும் நல்லாத் திண்டுட்டுக் குத்துக்கல் மாதிரி இரிக்கார். நீங்கெல்லாம் சேர்ந்து அவர மௌத்தாக்கிப் போடாதீங்க!" உள்ளே சேர் சோற்றுப் பீங்கானோடு நின்றுகொண்டிருந்தார். வந்தவர்கள் அவரை எட்டிப் பார்த்தார்கள், மெதுவாய்த் தலையாட்டிக்கொண்டார்கள், பழத்தை வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள்.

அதற்குப் பிறகு மைதானத்தில் ஏச்சு நின்றது.

நீங்கள் அந்த மைதானத்துக்கு வந்திருந்தால்தான் இது எவ்வளவு பயங்கரம் என்று விளங்கும். சொந்த மண்ணில் மூன்று கோல் வாங்கித் தோற்றோம். ஒரு சத்தமில்லை. காற்று அடிக்கிறது, கொடி படபடக்கிறது, அறுநூறு எழுநூறு பேர் கையைக் கட்டிக்கொண்டு ஜனாஸா அடக்கும்போது கப்றடியில் நிற்பது போல நிற்கிறார்கள். மீன் வியாபாரி நெஞ்சில் கை வைத்து மெல்லிய குரலில் ஸலாம் சொல்லிவிட்டுப் போனார். நான் மைக்கில் என்ன சொல்வதென்று தெரியாமல் கோல் விழுந்த நேரத்தை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சேருக்கு இது தாங்கவில்லை. வேண்டுமென்றே பிழை விடத் தொடங்கினார். நல்ல முன்கள வீரனை வெளியே எடுத்தார். ஒருநாள் கோல் காப்பாளனைக் கொண்டுபோய் முன்னுக்கு விட்டார். விட்டுவிட்டுத் திரும்பி மீன் வியாபாரியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மனிதர் கண் கலங்கச் சொன்னார், "சேர் செஞ்சா அதுல ஒரு காரணம் இரிக்கும்."

"என்னடா இது," என்றார் சேர் என்னிடம். "ஒருத்தனும் ஏசுறானில்லியே. நான் இரிக்கனா இல்லியா?"

சிரித்துத்தான் கேட்டார்.

பருவத்தின் கடைசியில் சேரின் பெயரில் ஒரு கிண்ணப் போட்டி வைக்க வேண்டுமென்று ரசிகர்கள் பிடிவாதமாய் நின்றார்கள். எங்கள் பக்கத்தில் கிண்ணங்கள் எல்லாம் மர்ஹூம்களுடையவை. ஒருவர் கப்றுக்குப் போன பிறகுதான் அவர் பெயரில் ஞாபகார்த்தக் கிண்ணம் வரும். முதல் பந்து உதைக்க முன் நான் அவருடைய வரலாற்றை வாசிப்பேன், பிறகு எல்லோரும் எழுந்து, போனவருக்காகக் கையேந்தி ஒரு பாத்திஹா ஓதுவார்கள். ஓதலாமா கூடாதா என்று வெளியே ஆயிரம் வாக்குவாதம் இருக்கும், மைதானத்துக்குள் எல்லோரும் கையேந்திவிடுவார்கள். இருபது வருடமாக இப்படித்தான். உயிரோடு இருப்பவருக்குக் கிண்ணம் வைத்தால் எப்படி நடத்துவதென்று ஒருவருக்கும் தெரியாது. பதாகையில் சேரின் பழைய படம் பூ வளையத்துக்குள் சிரித்தது. பதாகை அடிக்கிற கடைக்காரனிடம் வேறு வடிவமே இல்லை.

சேர் அந்தப் பதாகைக்குக் கீழேதான் உட்கார்ந்திருந்தார், வெள்ளைக் கதிரையில். நான் வரலாற்றை வாசித்தேன். இன்ன இடத்தில் பிறந்தார், இத்தனை கிண்ணங்கள் வென்றார், கண்டிப்பானவர், எல்லோருக்கும் இனியவர். கடைசி வரி வந்தது. அந்த இடத்தில் என் வாய் எத்தனை வருடம் பழகியது! என்னைக் கேட்காமலே சொல்லிவிட்டது:

"அன்னாரின் மறுமை ஈடேற்றத்துக்காக ஒரு பாத்திஹா."

ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. யாராவது ஒருவன் "யோவ்!" என்று கத்தியிருந்தால் என் பிழை பிழையாகவே போயிருக்கும். எல்லோரும் எழுந்தார்கள். எழுநூறு பேரும் கையேந்தினார்கள். பாத்திஹா மைதானம் முழுக்க முணுமுணுப்பாய் ஓடியது. நான் சேரைப் பார்த்தேன். அவரும் எழுந்து நின்றார், கையேந்தியிருந்தார், உதடுகள் அசைந்தன. பழக்கம்தானே. ஆமீன் என்று முகத்தைத் தடவிக்கொண்ட பிறகுதான் அவருக்கு விளங்கியது. தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் பதறி, "மன்னிக்கவும், சேர் ஹயாத்தோடுதான் இருக்கிறார்" என்று மைக்கில் சொன்னேன். அது அதைவிடக் கேவலம். எழுநூறு தலையும் திரும்பி, உண்மைதானா என்று அவரைப் பார்த்தது.

இந்தப் பருவம் தொடங்கியது. புதியவன் அணியை எடுத்தான். சேருடைய வெள்ளைக் கதிரையில் அவன் உட்காரவில்லை, மரியாதையாம். கதிரை வெறுமனே வீரர்கள் உட்காரும் வாங்குக்குப் பக்கத்தில் கிடந்தது. மழைக்கு ஒருவர் அதன் மேல் பொலித்தீன் போட்டுக் கட்டியும் வைத்திருந்தார்.

சேர் ஆசைப்பட்டபடியே ரசிகர்களோடு வந்து சீமெந்துப் படியில் குந்தினார். மீன் வியாபாரி அவசரமாய் எழுந்து, இருந்த இடத்தைத் துவாயால் துடைத்துக் கொடுத்தார். மற்றவர்களும் விலகினார்கள். அவரைச் சுற்றி ஒரு ஆள் படுக்கிற அளவுக்கு இடம் வெறிச்சென்று கிடந்தது. அந்த இடத்துக்கு அப்பால் புதியவனுக்கு ஏச்சு பறந்தது, நல்ல சூடான ஏச்சு. அவர் அருகே மட்டும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

இரண்டாம் பாதியில் புதியவன் நன்றாக ஆடிக்கொண்டிருந்த பையனை வெளியே எடுத்தான். கண்கூடான பிழை. சேர் துள்ளி எழுந்தார். இருபத்திரண்டு வருடம் காத்திருந்த குரல். "டேய்! கண் பொட்டையாடா உனக்கு? அவன எடுத்துட்டு என்னத்த ஆடப் போறாய்?"

மைதானம் செத்துப்போனது. பந்து தானாக உருண்டு கோட்டைத் தாண்டியது, ஒருவரும் அதன் பின்னால் ஓடவில்லை. புதியவனின் முகம் வெளுத்துவிட்டது. அவன் நெஞ்சில் கை வைத்தான். ஆனால் குரல் வந்த படிப்பக்கம் அவன் திரும்பவே இல்லை. அந்த வெறும் கதிரையைப் பார்த்தான். வீரர்களும் கதிரையைத்தான் பார்த்தார்கள். படியில் இருந்த சனமும் கதிரையைப் பார்த்தது. ஏன், நானும் பார்த்தேன். அல்லாஹ்மேல் ஆணையாகச் சொல்கிறேன், சேர் எனக்குப் பதினைந்து அடி தூரத்தில் நிற்கிறார், என் கண் கதிரைக்குத்தான் போனது.

எனக்கு என்மேலேயே ஆத்திரம் வந்தது. மைக்கைப் போட்டுவிட்டுப் படியேறிப் போனேன். "வாயப் பொத்திட்டு இரிங்க சேர்! இருபத்திரண்டு வருசமா நீங்க என்னத்தக் கிழிச்சீங்க? கோல் காக்கிறவன முன்னுக்கு உட்டு ஆடின ஆள்தானே நீங்க? இப்ப வந்துட்டார் பெரிய மனிசன்!"

என் வாழ்நாளில் அவரிடம் இப்படிக் கதைத்ததில்லை. சேரின் முகம் மெல்ல மெல்லச் சிவந்தது. கண்ணில் பழைய ஒளி வந்தது. பதிலுக்கு என்னைக் கிழிக்க வாயைத் திறந்தார்.

பின்னாலிருந்து மீன் வியாபாரி என் தோளைத் தொட்டார். கேலியே இல்லை, அவ்வளவு இதமாகச் சொன்னார்.

"உடு தம்பி. மௌத்தானவங்களக் கொற சொல்லக் கூடா."

சொன்னது என்னவென்று அவருக்கே தெரியவில்லை. கண் ஆட்டத்தில் இருந்தது. சுற்றி இருந்தவர்கள் ஓம் ஓம் என்று தலையாட்டினார்கள். சேர் திறந்த வாயை மூடிக்கொண்டார். செருப்பைத் தேடிப் போட்டு, சாரத்தில் ஒட்டியிருந்த மணலைத் தட்டி, படியிறங்கிப் போனார். வழிவிட்டார்கள், ஒருவரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு அவர் மைதானத்துக்கு வரவில்லை. நான் தேடி அவர் வீட்டுக்குப் போனால், சனிக்கிழமைகளில் காலைச் சோற்றோடு வெளியே போகிறவர் பொழுதுபட்டு மஃரிபுக்குத்தான் வருகிறார், எங்கே என்று சொல்கிறாரில்லை என்று மனைவி சொன்னா. நான் கேட்கவும் பயந்தேன்.

போன மாதம் அறுவடை. ஊரில் பாதி வயலில் கிடந்தது. நிறைய வயல் வைத்திருந்த ஒரு பெரிய போடியார் மௌத்தாகிவிட்டார், அவருடைய ஆட்கள் எல்லாம் சவளக்கடைப் பக்கம் நெல் வெட்டில் நின்றதால் அங்கேயும் போய் அறிவிக்கச் சொன்னார்கள். சனிக்கிழமை பின்னேரம். சந்திக்குச் சந்தி நிறுத்தி வாசித்துக்கொண்டு போனேன். வாசித்ததும் வயலுக்குள் குனிந்திருந்தவர்கள் நிமிர்ந்து, அசையாமல் என்னையே பார்ப்பார்கள். அந்த வெளிச்சத்தில் அது எனக்கே நல்லாயில்லை.

வெட்டி முடித்த வயலொன்றில் கம்பு நட்டுக் கோல் கட்டி இளந்தாரிகள் ஆடிக்கொண்டிருந்தார்கள். அந்த ஊர் ஆட்கள், எங்கள் மைதானத்துப் பக்கமே வராதவர்கள். வரம்பில் நாற்பது ஐம்பது பேர். நடுவில் ஒருவர், சாரத்தை மடித்துக் கட்டி, தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு துள்ளித் துள்ளிக் கத்தினார். "கண் பொட்டையாடா உனக்கு!"

எனக்கு அந்தக் குரல் தெரியும்.

பக்கத்தில் நின்ற ஒருவன் திரும்பி அவர் மூஞ்சிக்கு நேரே சொன்னான்: "ஓய் கெழவா, வாயப் பொத்துங்காணும்! பெரிசா ஆடிக் கிழிச்ச ஆள் மாதிரிக் கத்துறாய்!"

சேர் சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு அவனுடைய வாப்பாவிலிருந்து தொடங்கித் திருப்பிக் கொடுத்தார்.

வாசிக்க வேண்டிய அடுத்த சந்தி அதுதான். மைக் கையில், தாள் கையில். "சேர்!" என்று கூப்பிடத் தொண்டை வரை வந்துவிட்டது. ஒலிபெருக்கியிலிருந்து என் குரல் அவரைக் கூப்பிட்டால் அந்த வரம்பில் நிற்கிறவர்கள் எல்லோரும் திரும்பி அவரை எப்படிப் பார்ப்பார்கள் என்று நினைத்தேன். மைக்கை நிறுத்தினேன். எஞ்சினையும் நிறுத்தினேன். இறங்கி, ஓட்டோவைக் கையால் தள்ளிக்கொண்டு அந்த வயலைக் கடந்தேன். அந்தச் சந்தியில் மட்டும் ஜனாஸா அறிவிக்கப்படவில்லை, போடியாரின் குடும்பம் என்னை மன்னிக்கட்டும். வளைவு திரும்பும் வரை அவருக்கு விழுந்த ஏச்சு எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது.