ஃபோர் வீல் விழாத வண்டியும் என் மச்சானும்

என் அக்கா புருஷனை எங்கள் கல் குவாரியில் எல்லோரும் ‘ஆமை’ என்றுதான் சொல்வார்கள். குவாரியின் மூன்று வண்டிகளுக்கும் பதினோரு வருடமாக அவர்தான் மெக்கானிக். ஸ்பேனரை எடுக்கும் முன் வண்டியை இரண்டு முறை சுற்றி வருவார், குனிவார், எழுந்து கையைத் துடைப்பார். பக்கத்தில் நிற்பவனுக்கு ரத்தம் கொதிக்கும். எனக்கு மற்றவர்களைவிடச் சீக்கிரம் கொதிக்கும். பிறவிக் குணம், மறைப்பானேன்?

அன்று கொதித்ததில் நியாயமும் இருந்தது. நான் ஓட்டும் பழைய டிரக்தான் மேலே இருக்கிற இயந்திரங்களுக்கு டீசல் பீப்பாய் ஏற்றிப் போகும். காலை மழையில் சேற்று மேட்டில் பாதியில் நின்றுவிட்டது. நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கட்டும் என்று ஃபோர் வீல் லிவரைப் போட்டேன். லிவர் விழுந்தது, ஆனால் முன் சக்கரம் இரண்டும் சும்மா கிடந்தன. பின் சக்கரங்கள் மட்டும் சேற்றை வாரி இறைத்தன. பின்னாலேயே உருட்டி ஷெட்டுக்குக் கொண்டுவந்தேன்.

மேனேஜர் பார்த்த மாத்திரத்தில் தீர்ப்புச் சொல்லிவிட்டார். லிவரை முரட்டுத்தனமாக இழுத்து உள்ளே கியர் பல்லை உடைத்துவிட்டேனாம். மதியம் முதலாளி வருகிறார், உடைந்தது உண்மையென்றால் நாளையிலிருந்து வேலைக்கு வர வேண்டாம் என்றார். என் கோபம் ஊரறிந்தது, அதனால் ஒருத்தனும் எனக்காக வாய் திறக்கவில்லை. போன வாரம் ஒரு நாள் கடுப்பில் லிவரை ஓங்கித் தள்ளியது உண்மைதான். எனக்கே என்மேல் சந்தேகம்.

மச்சான் வந்தார். ஆற அமர ஜாக்கி போட்டு முன்பக்கத்தைத் தூக்கினார். லிவரைப் போடச் சொல்லிவிட்டு அடியில் படுத்து, முன்னால் போகிற ஷாஃப்டைக் கையால் திருகிப் பார்த்தார். அது அசையவில்லை. அப்படியென்றால் கியர் பெட்டி நன்றாகத்தான் பிடிக்கிறது, உன் பல்லெல்லாம் பத்திரம் என்றார். எனக்குப் பாதி உயிர் வந்தது. மீதி உயிரைச் சீக்கிரம் தரக் கூடாதா என்று கத்தினேன். அவர் காதிலேயே வாங்கவில்லை.

அந்த வண்டியில் முன் அச்சைப் பிணைப்பது காற்று உறிஞ்சல். என்ஜினிலிருந்து ஒரு மெல்லிய ரப்பர் குழாய் அச்சுவரை போகும். அச்சுப் பக்கம் குழாயைக் கழற்றி, அங்கிருந்த முனையில் வேறொரு குழாயைச் செருகி, வாய் வைத்து உறிஞ்சினார். ‘டக்’கென்று பிணைந்தது. அச்சும் சரி. பிறகு கழற்றிய குழாயில் ஊதினார். கன்னம்தான் உப்பியது, காற்று போகவில்லை. குழாயை விரலால் தடவிக்கொண்டே மேலே போனவர் பேட்டரிக்குப் பக்கத்தில் நின்றுவிட்டார்.

பேட்டரித் தட்டுக்கு அடியில் குழாய் நசுங்கிக் கிடந்தது. மூன்று வாரத்துக்கு முன் அந்த பேட்டரியை மாற்றியவர் அவரேதான். அதன்பிறகு சேறு வந்தது இன்றைக்குத்தான், அதுவரை யாருக்கும் தெரியவில்லை.

ஷெட்டில் எங்களைத் தவிர யாருமில்லை. குழாயை இழுத்துவிட்டால் காதும் காதும் வைத்த மாதிரி முடிந்துவிடும். குவாரி வேலை போனால் அக்கா வீட்டில் அடுப்பு எரிவதே கஷ்டம் என்று எனக்குத் தெரியாதா?

“மச்சான், மூச்சுக்காட்டாம சரி பண்ணிடுங்க. மழையில ஏதோ அடைச்சிருந்துச்சுன்னு சொல்லிக்கலாம்.”

“அப்ப உன்மேல இருக்கற பேச்சு அப்படியே நிக்கும், மாப்ளே. அதுல கை வைக்காத.”

முதலாளி வரும்வரை நசுங்கிய குழாயை அப்படியே விட்டுவைத்தார். வந்ததும் அவரைக் குனிய வைத்துக் காட்டினார். டிரைவர் மேல் எந்தக் குற்றமும் இல்லை, பேட்டரியை மாட்டும்போது குழாயைக் கவனிக்காமல் விட்டது நான் என்று, மணி என்ன என்று கேட்டால் சொல்வதுபோலச் சொன்னார். இத்தனை வருட அனுபவம் இதுதானா என்று மேனேஜர் என் பக்கமிருந்து அவர் பக்கம் திரும்பினார். ஓங்கி ஒன்று விடலாம் போலிருந்தது எனக்கு.

முதலாளி மட்டும் நிதானமாகக் கேட்டார். “இனிமே வண்டிங்கள யாரை நம்பி விடறது?”

“என்னை நம்பித்தான். இந்தத் தப்ப இனிமே பண்ணவே மாட்டான்னு அடிச்சுச் சொல்லக்கூடிய ஆளு நான் ஒருத்தன்தான்.”

முதலாளி சிரிக்கவில்லை. மற்ற இரண்டு வண்டிக்கும் பேட்டரி மாட்டியது யார் என்று கேட்டார். அதுவும் நான்தான் என்றார் மச்சான். அப்படியானால் அதையும் நீயே கழற்றிப் பார், இன்றைக்கே, என்று சொல்லிவிட்டு என்னை வண்டியை எடுக்கச் சொன்னார்.

மச்சான் குழாயை நசுங்காதபடி இழுத்து மாட்டிக் கொடுத்தார். முன் சக்கரம் இரண்டும் சேற்றைக் கவ்விப் பிடித்து ஏறின. மேலே பீப்பாய்களை இறக்கிவிட்டு அக்காவுக்கு போன் செய்தேன். என் வேலையைக் காப்பாற்ற உன் புருஷன் தன் வேலையைத் தூக்கி முன்னால் வைத்தார் என்று சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டேன். கோபக்காரன் அழக் கூடாது என்று சட்டமா என்ன?