ஆச்சரியப்படப் பழகிய வகுப்பு

ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது, பிள்ளைகளுக்கு முதுகு காட்டாமல் கரும்பலகையில் எழுதுவது எப்படி என்பதைத்தான். பாதி உடம்பு வகுப்பைப் பார்க்க வேண்டும், கை மட்டும் பலகையில் ஓட வேண்டும். காரைக்குடியில் எங்கள் விடுதிச் சுவரில் விரலால் எழுதி எழுதிப் பழகினோம். இரண்டாவதாகச் சொல்லிக்கொடுத்தது, ஒவ்வொரு நாளும் பாடம் நடத்தி முடித்ததும் பாடக்குறிப்பின் கடைசிப் பக்கத்தில் ‘இன்று நான் கற்றுக்கொண்டவை’ என்று தலைப்புப் போட்டு நாலு வரி எழுத வேண்டும் என்பது. முதலாவதை நாங்கள் ஒழுங்காகச் செய்தோம். இரண்டாவதை முந்தைய வருஷத்து அக்காமார் விட்டுப்போன நோட்டுகளைப் பார்த்து எழுதினோம்.

ஒருமுறை நான் ‘மழை காரணமாக மாணவர் வருகை குறைவு, எனினும் ஆர்வம் குன்றவில்லை’ என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அது மாசி மாதம். ஊருணிகளே வெடித்துக் கிடந்தன. எங்கள் மேற்பார்வை ஆசிரியை நோட்டைப் பார்த்தார், ஜன்னலுக்கு வெளியே ஒரு தடவை பார்த்தார், “எந்த ஊரு மழைம்மா இது?” என்று கேட்டார். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சிரித்தேன். அந்த வயதில் எனக்கு வெட்கம் கொஞ்சம் குறைவு, வாய் கொஞ்சம் அதிகம்.

இதெல்லாம் அறுபதுகளின் கடைசியில். நாங்கள் தேவகோட்டைக்காரர்கள், தச்சுவேலைக் குடும்பம். பெரிய வீடுகளுக்குக் கதவும் நிலையும் செய்வது அப்பாவின் தொழில். எங்கள் தெருவில் எஸ்.எஸ்.எல்.சி. முடித்த முதல் பெண் நான்தான். அதற்குமேல் இரண்டு வருஷப் பயிற்சிக்கு அனுப்ப அப்பாவைச் சம்மதிக்க வைத்ததே பெரும்பாடு. கடைசியாக வரும் செய்முறைத் தேர்வில் தவறினால் இன்னொரு முறை கிடையாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். மாப்பிள்ளை வீட்டார் ஏற்கெனவே வந்து காப்பி குடித்துவிட்டுப் போயிருந்தார்கள். அதனால் அந்தத் தேர்வு எனக்கு வெறும் தேர்வாக இல்லை.

செய்முறைத் தேர்வு என்பது இதுதான். வெளியூரிலிருந்து ஒரு தேர்வாளர் வருவார். நாம் பயிற்சிக்குப் போகும் பள்ளியில், அதே பிள்ளைகளுக்கு, அவர் முன்னால் ஒரு பாடம் நடத்த வேண்டும். எனக்குக் கிடைத்தது ஆத்தங்குடியிலிருந்து ஒன்றரை மைல் தள்ளி ஒரு கிராமத்துப் பள்ளி, மூன்றாம் வகுப்பு. இருபத்தாறு பிள்ளைகள். அநேகம் பேர் காட்டுவேலைக்குப் போகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள். நான் எடுத்துக்கொண்ட பாடம் சதுரமும் செவ்வகமும்.

பாடத்துக்கு உபகரணம் வேண்டும். அதற்குத் தனி மதிப்பெண் உண்டு. என்னுடன் அறையில் இருந்தவள் அட்டையில் வெட்டி வண்ணக்காகிதம் ஒட்டிக்கொண்டிருந்தாள். அதைத்தான் எல்லோரும் செய்வார்கள். வகுப்பில் நான் ஒருநாள், “உங்க வீட்டுல சதுரமா ஏதாவது இருக்கா?” என்று சும்மா கேட்டு வைத்தேன். மறுநாள் காலையில் முன்வரிசையில் உட்காரும் ஒரு பெண்பிள்ளை, துணிப்பை கிழிந்துவிடும்போல் எதையோ தூக்கமாட்டாமல் தூக்கிக்கொண்டு வந்தாள். பெரிய வீடுகளில் தரைக்குப் பதிக்கிற பூக்கல். நடுவில் ஒரு முழுப்பூ, நாலு மூலையிலும் கால் கால் பூ. பின்பக்கம் கொஞ்சம் பொரிந்துபோனதால் கழித்துப் போட்டதாம். அவளுடைய அப்பாவும் அம்மாவும் ஆத்தங்குடியில் பூக்கல் பட்டறையில் வேலை செய்கிறவர்கள்.

“இது எப்புடிப் பண்ணுவாகன்னு தெரியுமா டீச்சர்?” என்று ஆரம்பித்தாள். எனக்கு அடிக்கோலால் அளவு பார்க்கிற அவசரம். “சரி சரி, போயி உக்காரு” என்றேன். நாலு பக்கமும் சரியாக எட்டு அங்குலம் இருந்தது. எனக்கு அவளைக் கட்டிக்கொள்ளலாம்போல இருந்தது, ஆனால் டீச்சர் என்றால் அப்படியெல்லாம் செய்யக்கூடாது என்று நினைத்திருந்தேன்.

தேர்வுப் பாடத்தை முன்கூட்டியே அதே வகுப்பில் நடத்திப் பார்ப்பது எங்களுக்குள் எழுதப்படாத வழக்கம். ஒருமுறை அல்ல, மூன்று நான்கு முறை. பாடத்தில் ஆயத்தம் என்று ஒரு கட்டம் வரும். பிள்ளைகளின் ஆவலைத் தூண்டிவிட்டுப் பாடத்துக்குள் இழுக்க வேண்டும். நான் துணிப்பையை மேசைமேல் வைத்து, “இதுக்குள்ள என்ன இருக்குன்னு யாராச்சும் சொல்ல முடியுமா?” என்று கேட்க வேண்டும். பிள்ளைகள் விழிக்க வேண்டும். நான் பூக்கல்லை எடுத்துக் காட்டியதும் “ஆ!” என்று வாய் பிளக்க வேண்டும். திங்கட்கிழமை உண்மையாகவே பிளந்தார்கள். செவ்வாய்க்கிழமை நான் பிளக்கச் சொன்னேன். பிளந்தார்கள். பாவம், அதுகளும் என்ன செய்யும்.

பூக்கல் கொண்டுவந்த அந்தப் பிள்ளை மட்டும் பிளக்கவில்லை. இரண்டாம் தடவை நான் கேள்வியை முடிப்பதற்குள் எழுந்து, “பூக்கல்லு டீச்சர்! நேத்தே காட்டுனீகள்ல? நாந்தானே கொண்டாந்து குடுத்தேன்!” என்றாள். அன்று பிற்பகலில் மூன்றாம் தடவைக்கு முன் அவளிடம் தனியாகச் சொல்லி வைத்தேன், தெரிந்தாலும் தெரியாத மாதிரி இருக்க வேண்டும் என்று. தலையை ஆட்டினாள். கேள்வி கேட்டதும் வாயைக் கையால் பொத்திக்கொண்டு ஒரு நிமிஷம் துடித்தாள். அப்புறம் விரலிடுக்கில், “எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன்” என்றாள். வகுப்பு கொல்லென்று சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாள் தேர்வு.

அறைத்தோழியிடம் புலம்பினேன். அவள் அட்டைகளை அடுக்கிக்கொண்டே, “இதுக்குப் போயா? அந்தப் புள்ளைய நாளைக்கு வரவேணாம்னு சொல்லிரு. நானும் ரெண்டு பேர நிப்பாட்டியிருக்கேன்” என்றாள். அது தப்பு என்று அவளுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. புதன்கிழமை காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்து இறங்கி, பள்ளி வாசலிலேயே அவளை மறித்துக்கொண்டேன்.

“இன்னைக்கு நீ வகுப்புக்கு வர வேணாம், என்ன?”

“ஏன் டீச்சர்?”

“வேணாம்னா வேணாம். வீட்டுக்குப் போ.”

அவள் சரி என்று திரும்பி நடந்தாள். அன்றைக்குப் பள்ளியில் போடும் மதியச் சாப்பாடும் அவளுக்கு இல்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவே இல்லை. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேல் ஆத்திரமாக வருகிறது.

தேர்வாளர் வந்தார். வழுக்கைத் தலை, கதர் ஜிப்பா, அமைதியான மனிதர். பாடம் எண்ணெய் போட்ட சக்கரமாக ஓடியது. பையைக் காட்டினேன், விழித்தார்கள். கல்லை எடுத்தேன், “ஆ!” என்றார்கள். சதுரத்துக்கு எத்தனை பக்கம் என்றேன், இருபத்தைந்து பேரும் கை தூக்கினார்கள். முடியும் நேரத்தில் அவர் எழுந்து வந்து கல்லைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்கு இந்தப் பக்கம் புதிது போலும்.

“ஏம்ப்பா, இந்தக் கல்லு ஒரு பக்கம் சொரசொரன்னு இருக்கு, இன்னொரு பக்கம் முகம் பாக்கலாம்போல வழவழன்னு இருக்கே. எப்படி? யாராவது சொல்லுங்க பார்ப்போம்” என்றார்.

பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள். இது நான் பழக்காத கேள்வி. கடைசி வரிசையில் ஒருவன், எதற்கும் இருக்கட்டும் என்று, “ஆ!” என்றான். தேர்வாளர் சிரித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். எனக்கும் தெரியவில்லை. அப்பா வேலை பார்த்த வீடுகளில் அந்தத் தரைமேல் எத்தனையோ நாள் சம்மணம்போட்டு உட்கார்ந்திருக்கிறேன், ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை. சொல்ல வந்த ஒருத்தியையும் போய் உட்காரச் சொல்லியிருந்தேன். “அது அடுத்த பாடத்தில் வருதுங்கய்யா” என்று சமாளித்தேன். அவர் தலையசைத்து, குறிப்பேட்டில் எழுதிவிட்டு அடுத்த வகுப்புக்குப் போனார். நான் தேறிவிட்டேன் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

அன்று ‘நான் கற்றுக்கொண்டவை’ பக்கத்தில், ‘மாணவர் அனைவரும் ஆர்வத்துடன் பங்கேற்றனர்’ என்று எழுதினேன். இந்த முறை யார் நோட்டையும் பார்த்து எழுதவில்லை. சொந்தமாகவே எழுதினேன்.

வியாழக்கிழமை அந்தப் பிள்ளை வரவில்லை. காய்ச்சலாக இருக்கும் என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமையும் வரவில்லை. வருகைப் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேராக மூன்றாவது நாளாக ஆப்சென்ட் போடும்போதுதான் வாசலில் அவளிடம் சொன்னது ஞாபகம் வந்தது. இன்றைக்கு வர வேண்டாம் என்று சொன்னேன். என்றைக்கு வர வேண்டும் என்று சொன்னேனா? அடுத்த திங்கட்கிழமையோடு எங்கள் பயிற்சி முடிகிறது. அதற்குப்பிறகு அவளைக் கேட்க அந்தப் பள்ளியில் நான் இருக்கமாட்டேன். சாயங்காலம் பஸ்ஸை விட்டுவிட்டு ஆத்தங்குடிக்கு நடந்தேன்.

பட்டறை ஒரு நீளமான கொட்டகை. ஆண்கள் வரிசையாக உட்கார்ந்து, சதுரக் கண்ணாடித் துண்டின்மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, வண்ணச் சாந்தைக் கரண்டியால் மொண்டு பூவுக்கும் இலைக்கும் தனித்தனியாக ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அதற்குமேல் மணலும் சிமென்டும் போட்டு அழுத்தினார்கள். ஓரத்தில் அந்தப் பிள்ளை தன் அம்மா பக்கத்தில் குந்தி, கழற்றிய கண்ணாடிகளைத் துணியால் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். கண்ணாடிமேல் ஊற்றுவதால்தான் கல்லின் முகம் அப்படி வழவழக்கிறது என்பது எனக்கு அங்கே நின்றபோது தெரிந்தது. யாரும் சொல்லித்தரவில்லை, பார்த்தாலே தெரிந்தது.

அம்மா என்னைப் பார்த்ததும் பதறி எழுந்து முந்தானையில் கையைத் துடைத்தாள். “வாங்க டீச்சர், வாங்க. இம்புட்டுத் தூரம் நடந்தா வாரீக?” என்றாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்துப் போயிருந்தேன். அவள் குரலில் கோபமே இல்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

“பிள்ளை ஏன் மூணு நாளா வரலை?” என்றேன், ஒன்றும் தெரியாதவள்போல.

“நீங்கதானே டீச்சர் வரவேணாம்னீகளாம். புள்ள வந்து சொல்லுச்சு. இதுக்குப் படிப்பு ஏறலை போல, டீச்சரே பதமாச் சொல்லி அனுப்பிட்டாகன்னு நெனச்சுக்கிட்டோம். நாங்க என்னத்தக் கண்டோம்? இங்குட்டு இருந்தா கண்ணாடியாச்சும் தொடைக்கும்.”

“ஐயோ, அவளுக்கு நல்லா ஏறுதும்மா. எல்லாரையும்விட அவளுக்குத்தான் ஏறுது” என்றேன்.

அந்த அம்மா என்னையே பார்த்தாள். “ஏறுற புள்ளைய எதுக்கு டீச்சர் வேணாம்னீக?” என்று கேட்டாள். குத்திக்காட்டக் கேட்கவில்லை. உண்மையாகவே புரியாமல் கேட்டாள்.

இரண்டு வருஷப் படிப்பில் குழந்தை உளவியல் படித்தேன், கல்வித் தத்துவம் படித்தேன், போதனா முறை படித்தேன். இத்தனையையும் படித்துவிட்டு, தேர்வு என்றேன், அதிகாரி வந்தார் என்றேன், இவள் முன்னாலேயே பதிலைச் சொல்லிவிடுவாள் என்று பயந்தேன் என்றேன். சொல்லச் சொல்ல எனக்கே நாராசமாக இருந்தது. “எம்மேலதான் தப்பு. திங்கக்கிழமை அனுப்பி வைங்க” என்று முடித்தேன். அம்மா தன் மகளைப் பார்த்தாள். மகள் கையிலிருந்த கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “அவுக அப்பா வந்தா கேட்டுப் பாக்குறேன் டீச்சர்” என்றாள் அம்மா. திரும்பி நடக்கும்போது அழுதேன். செய்முறைத் தேர்வில் தேறியிருந்தேன், அப்பாவிடம் நல்ல சேதி சொல்லப் போகிறேன், ஆனாலும் அழுதேன்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் தோழிகள் பெட்டி கட்டுவதும் கையெழுத்து வாங்குவதுமாக இருந்தார்கள். எனக்கு அதில் மனம் ஒட்டவில்லை. ஒரு பிள்ளையைப் பள்ளிக்கு வரவழைக்கப் படித்தவள் ஒரு பிள்ளையை நிறுத்திவிட்டு வேலைக்குப் போகப்போகிறேன் என்பதே மண்டைக்குள் சுற்றிக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை மணி அடித்தது. பிரார்த்தனை முடிந்தது. பதிவேட்டைத் திறந்து பெயர் கூப்பிட ஆரம்பித்தேன். ஏழாவது பெயரோ எட்டாவது பெயரோ கூப்பிடும்போது வாசலில் நிழல் தட்டியது. நிமிர்ந்து பார்த்தேன். எண்ணெய் வைத்து இழுத்துப் பின்னிய தலையோடு, பைக்கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு அவள் நின்றாள். எனக்கு அப்படியே உயிர் வந்தது.

“வா வா, உள்ள வா” என்றேன்.

அவள் வரவில்லை. எட்டி வகுப்பறையை ஒருமுறை பார்த்தாள். தேர்வாளர் உட்கார்ந்திருந்த நாற்காலி காலியாக இருப்பதைப் பார்த்தாள்.

“இன்னைக்கு யாரும் பாக்க வரலைல்ல டீச்சர்?” என்று கேட்டாள்.

“இல்லைம்மா.”

“அப்ப நான் வரலாமா?”

கேட்டுவிட்டு, என் பதிலுக்காகப் படிக்கு வெளியிலேயே நின்றாள்.