ஒன்றும் நடக்காது என்று நான் சொன்னது

பாலைக் குளிரூட்டி வைக்கும் எங்கள் பால் கம்பனியின் கொக்கட்டிச்சோலை சில்லிங் சென்டரை மூடி வாழைச்சேனையோடு சேர்க்கப்போகிறார்கள் என்ற கதையை எனக்கு முதலில் சொன்னது ஹெட் ஆபிஸ் அல்ல, பால் ஏற்றும் பவுசர் லொறி ஓட்டும் நவாஸ். இறங்கியதும் இறங்காததுமாகக் கேட்டார்: "சேர், நம்மட டேங்க்கக் கழட்டப் போறாங்களாமே, மெய்யா?"

பொறுப்பதிகாரி நான். எனக்கே தெரியாது. தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. ஒன்றும் நடக்காது, வேலையைப் பாருங்கள் என்று விரட்டிவிட்டேன்.

அன்றிலிருந்து சென்டரில் ஏழு பேரும் ஓரிடத்தில் நிற்கவில்லை. கேன் கழுவும் இடத்தில் சண்டை. வருடக்கணக்காகப் பால் கொண்டுவரும் பண்ணையாளரிடம் ஒருவர் எரிந்து விழுந்தார். போன் அடித்தால் எல்லோரும் என் முகத்தைப் பார்ப்பார்கள். நான் போனோடு வெளியே போவேன். அது இன்னும் மோசம். ஒவ்வொருவராக அறைக்கு வந்து கேட்டார்கள். எல்லோருக்கும் அதே பதில்தான். ஆட்களைத் தைரியமாக வைத்திருக்கிறேன் என்று எனக்குப் பெரிய நினைப்பு. உள்ளுக்குள் எனக்கும் பயம்தான்.

பாலில் கொழுப்பு டெஸ்ட் பார்க்கும் சாந்தியும் வந்தார். வெல்லாவெளிக்காரி. காது கேளாத மகன் களுவாஞ்சிக்குடியில் விசேட வகுப்பில் படித்தான். காலைப் பால் வேலை முடிந்து, இரண்டு மணிக்கு அவனைக் கூட்டிவர அவரைத் தவிர வேறு ஆளில்லை. அப்போது களுவாஞ்சிக்குடி சேகரிப்பு நிலையத்தில் ஒரு வெற்றிடம் இருந்தது. வெள்ளிக்கிழமையோடு விண்ணப்பம் முடிகிறது.

"இஞ்ச மூடுறதெண்டா இந்தப் போர்ம நிரப்பிக் குடுத்திருவன் சேர்," என்றார். "மூடாட்டி உங்க எல்லாரையும் விட்டுட்டுப் போக எனக்கு மனமில்ல."

கிழித்துப் போடுங்கள் என்று சிரித்தேன். அவர் கிழிக்கவில்லை. மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். கொடுக்கவும் இல்லை.

மூன்று கிழமையில் கடிதம் வந்தது. இன்னும் ஆறு கிழமையில் மூடுகிறார்கள். சாந்திக்கு வாழைச்சேனை. வெல்லாவெளியிலிருந்து இரண்டு பஸ்; இரண்டு மணிக்கு மகனிடம் வந்துசேர முடியாது. ஏழு பேருக்கும் வாசித்துக் காட்டினேன். முடித்ததும் சாந்தி சொன்னார்: "நீங்க என்ட மனம் ஆறத்தான் சொல்லியிருக்கீங்க சேர். நான் அத நம்பி முடிவெடுத்திட்டன்."

ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். வெட்கத்தில் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

மறுநாள் எல்லோரையும் கூப்பிட்டு, எனக்கு அன்று ஒரு மண்ணும் தெரியாது, பயத்தில் சொன்னேன் என்று ஒப்புக்கொண்டேன். பலகையில் கோடு போட்டு, ஒரு பக்கம் தெரிந்தவை, மறுபக்கம் தெரியாதவை என்று எழுதினேன். தெரியாத பக்கம்தான் நிறைந்தது. நவாஸ் எழும்பி, புது இடத்தில் தன்னை யாருக்கும் தெரியாதே என்பதுதான் தன் பயம் என்றார். லொறி மாதிரி மனுஷன், சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. அதன் பிறகு மற்றவர்களும் பேசினார்கள். தினமும் பவுசரில் பால் ஏறியதும் அந்தப் பலகைக்கு முன்னால் பத்து நிமிடம் நிற்போம். கவலை போகவில்லை, சண்டை குறைந்தது.

சாந்தி விண்ணப்பிக்காதது என் பேச்சைக் கேட்டுத்தான், களுவாஞ்சிக்குடிக்கே மாற்றிக் கொடுங்கள் என்று பிராந்திய முகாமையாளருக்கு எழுதினேன். அவர் எனக்குப் போன் எடுத்தார்.

"இது உங்கட பைலுக்கும் போகும், தெரியும்தானே?"

"ஓம் சேர். போகட்டும்."

போனது. எனக்கு வரவிருந்த பதவி உயர்வு வரவில்லை. சென்டர் மூடி இரண்டு மாதம் சாந்தி வாழைச்சேனைக்கு அலைந்தார். பிள்ளை நாலு மணிவரை பள்ளிக்கூட வாசலில் காவலாளியோடு நின்றான். நான் நாளுக்கு ஒருதரம் ஹெட் ஆபிஸுக்குப் போன் அடித்தேன். அங்கே என் குரல் கேட்டாலே அலுத்துக்கொண்டார்கள்.

இன்று பொறுப்பில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். உங்களுக்குக் கீழே வேலை செய்பவர் உங்கள் ஒரு சொல்லை வைத்து வீட்டுக் காரியத்தைத் தீர்மானிக்கிறார். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். மரியாதை ஒன்றும் குறைந்துவிடாது. நான் மறைத்ததில்தான் எனக்குக் குறைந்தது.

கடைசியில் இடமாற்றம் சரிவந்தது. உடனே சாந்திக்குப் போன் அடித்தேன். பஸ்ஸில் இருந்தார். களுவாஞ்சிக்குடி கிடைத்துவிட்டது என்றேன்.

"கடிதம் வந்திரிக்கா சேர், இல்லாட்டி நீங்க சொல்றீங்களா?"

கடிதத்தை எடுத்து, மேலே இருந்த இலக்கத்திலிருந்து கீழே கையொப்பம்வரை ஒரு வரி விடாமல் அவருக்கு வாசித்தேன்.