கடல்மட்டத்தில் பூட்டிய ஜெற்

மலையில் ஏற ஏறக் காற்றின் அடர்த்தி குறையும் என்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அந்தக் காற்றைத்தான் எஞ்சினும் குடிக்கிறது என்பதை மட்டும், இவ்வளவு காலம் கராச் நடத்தியும், ஒரு தேயிலைத் தோட்டத்து வளைவில் கார் கறுப்புப் புகை கக்கி நின்ற பிறகுதான் யோசித்தேன்.

இப்போது வேலை பழக வருகிறவர்கள் கொம்பியூட்டரைச் செருகிப் பிழை பார்க்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கொம்பியூட்டருக்கு வாய் இல்லை. எனக்கு இருந்தது. வில்லங்கம் அங்கேதான் தொடங்கியது.

1. இத்தாலிக்காரி

என் கராச் வேலணையில். ஓட்டோ, லாண்ட்மாஸ்ரர் உழவு யந்திரம், தண்ணீர்ப் பம்ப், மீன்பிடிப் படகின் எஞ்சின் என்று எது வந்தாலும் இல்லை என்று சொல்லாத கராச். இந்தச் சொல்லாத குணத்தை நான் நெடுநாள் திறமை என்று நினைத்திருந்தேன்.

மடத்துவெளி தவமலர் அக்கா வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய தகப்பன் தெற்கில் ஒரு பட்டினத்தில் கடை வைத்திருந்தவர். இத்தாலிக் கார் ஒன்று வாங்கி ஓடினார். பார்வைக்கு நான்கு கதவு வைத்த குடும்பக் கார். பொனற்றைத் திறந்தால் றேஸ் எஞ்சின். கடை பூட்டும் நாட்களில் மலைநாட்டுக்குப் போய் அதை ஓட்டப் போட்டியில் விடுவார். தொழில்முறைக்காரர் இல்லாத போட்டி. தோட்டத்து வீதியை மறித்து, மலையடியிலிருந்து ஒவ்வொரு காராக மேலே விட்டு நேரம் பார்ப்பார்கள். அக்கா சிறுமியாக ஒரு வளைவின் மேட்டில் நின்று பார்த்திருக்கிறார். ஏறி இரு என்று தகப்பன் ஒருநாளும் சொல்லவில்லையாம்.

தகப்பனுக்குப் பிறகு கடை கைமாறியது. கார் மட்டும் மடத்துவெளி வீட்டுக்கு வந்து படங்கு மூடிக் கிடந்தது. வெளிநாட்டிலிருக்கும் தம்பிமார் கூடிப் பேசி அதையும் கொழும்பில் ஒருவருக்கு விற்பதென்று முடிவெடுத்தார்கள். வாங்குகிறவர் பழைய றேஸ் கார் சேர்க்கிறவர். றேஸுக்கு ஆயத்தமாகவே தாருங்கள் என்றாராம். அக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: இப்போதும் நடக்கும் அந்தப் போட்டியில், அதே மலையில், தான் ஒரு தடவை ஓட வேண்டும். வாங்குகிறவரும் சம்மதித்து, போட்டி முடிய அங்கேயே வந்து ஏற்றிக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்.

“விக்கிறதுக்கு நான் மறிப்பில்லை தம்பி. ஒருக்கா ஓடிப்போட்டுக் குடுக்கிறன். உம்மால ஏலுமோ?” என்று கேட்டார்.

ஏலாது என்ற சொல்லை யாழ்ப்பாணத்தில் கைக்குழந்தையும் சொல்லும். எனக்கு மட்டும் அன்று வாயில் வரவில்லை.

கழற்றுவதில் எனக்கு எப்போதும் கெட்டித்தனம் உண்டு. பின்சீற், கார்ப்பெற், பம்பர், ஹீற்றர் எல்லாம் கழற்றிப் பாரம் குறைத்தேன். அடித்தட்டில் சில இடங்களில் எங்கள் உப்புக் காற்று எனக்கு முன்னமே பாரத்தைக் குறைத்திருந்தது; அங்கே தகடு வைத்து ஒட்டினேன். கார் பிரண்டாலும் ஆள் நசியாமல் உள்ளே இரும்புக் குழாயில் கூடு கட்டி, ஓடுகிறவருக்கு மட்டும் ஒரு ஆசனம் பூட்டினேன். ஸ்பிரிங்கை வெட்டிக் காரின் உயரத்தைப் பதித்தேன். ஹீற்றரைக் கழற்றும்போதாவது, குளிர்நாட்டுக்கல்லவா போகிறோம் என்று புத்தி வந்திருக்கலாம்.

கடைசியாகக் காபரேற்றர். பெற்றோல் எவ்வளவு போக வேண்டும் என்று தீர்மானிப்பது அதற்குள் இருக்கும் பித்தளைத் துளை. அதைத்தான் ஜெற் என்போம். துளை பெரிதானால் பெற்றோல் கூடும். அதற்கேற்ற காற்றும் இருந்தால் இழுவை கூடும். ‘காற்றும் இருந்தால்’ என்ற அந்த இரண்டு சொல்லையும் படித்த நாளிலேயே கடலில் போட்டுவிட்டேன் போல.

வேலணைக்கும் புங்குடுதீவுக்கும் இடையில் கடலை ஊடறுத்துப் போகும் நேர் வீதியில், விடியக் காலையில் பஸ்ஸும் மாடும் வருவதற்கு முன், அக்கா ஓடிப் பார்ப்பார். ஒவ்வொரு தடவையும் நான் பெரிய ஜெற்றாகப் பூட்டினேன். கார் ஒவ்வொரு தடவையும் கூடப் பறந்தது. வீதியோரம் வலை வீசிக்கொண்டிருந்த ஒருவர் எங்களை மறித்தார்.

“அண்ணை, உங்கட சத்தத்துக்கு மீன் முழுக்க நயினாதீவுக்குப் போட்டுது. இனி நானும் பின்னால போகோணும்.”

மன்னிப்புக் கேட்டேன். உள்ளுக்குள் அதை நற்சான்றிதழாகத்தான் எடுத்துக்கொண்டேன். அக்கா நன்றாக ஓடினார். கியர் மாறும்போது கார் குலுங்காது. சத்தத்தில் மட்டும் தெரியும். அந்தச் சத்தம் அவருக்குப் பாடமாகிவிட்டது என்பதை நான் பிறகுதான் விளங்கிக்கொண்டேன். தீவுப் பகுதியில் வாகனத்தோடு நான் ஏறிய ஆக உயரமான இடம் ஒரு பாலத்தின் நடுமுதுகு. அங்கேயும் கார் குறை சொல்லவில்லை.

2. மேலே

ரயர் தேயக்கூடாது என்று காரை லொறியில் ஏற்றித்தான் கொண்டுபோனோம். அதனால் போட்டி நாள் காலைவரை அது மலைக்காற்றை மூக்கில் வாங்கவேயில்லை. நான் தலையில் துவாயைச் சுற்றிக்கொண்டு, பல்லுக் கிடுகிடுக்க, பெரிய பொறியியலாளர் மாதிரி நின்றேன். ஆளுக்கு இரண்டு ஓட்டம்: காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று.

எஞ்சினை இயக்கியதும் இருமியது. பின்குழாயில் கறுப்புப் புகை. அக்கா தலையைச் சரித்துக் கேட்டார்.

“தம்பி, இது எங்கட ஊரில போட்ட சத்தம் இல்லையே.”

“குளிர் அக்கா. சூடேறினால் சரிவரும்.”

“வடிவாப் பாத்தனீரோ?”

“நானெல்லோ பூட்டினனான்” என்றேன்.

அவர் ஹெல்மெற்றின் பட்டியை இறுக்கினார்.

முதல் வளைவு வரைக்கும் சத்தம் கேட்டது. அடுத்ததில் இருமல். பிறகு ஒன்றும் இல்லை. கொஞ்ச நேரத்தில் தோட்டத்து ட்ராக்டர் ஒன்று காரைக் கயிற்றில் கட்டிப் பின்பக்கமாக இறக்கிக்கொண்டு வந்தது. அக்கா உள்ளே நேராக உட்கார்ந்து ஸ்ரியறிங்கைப் பிடித்திருந்தார். கொழுந்து பறிக்கிற பெண்கள் கூடையோடு நின்று பார்த்தார்கள். தகப்பன் ஓடுவதை அவர் பார்த்த வளைவு கார் நின்ற இடத்துக்கும் மேலே இருந்தது.

பிளக்கைக் கழற்றினேன். நான்கும் எரிந்து முடியாத பெற்றோலின் கரி பூசியிருந்தன. பக்கத்தில் மாத்தளைக்காரர் ஒருவர் இன்னொரு இத்தாலிக் காரோடு நின்றார். சிங்களவர், வியாபாரத்தில் பழகிய தமிழ். பிளக்கைப் பார்த்தார், என்ன ஜெற் என்று கேட்டார். சொன்னேன். எந்த ஊர் என்று கேட்டார். அதையும் சொன்னேன். சிரிக்காமல் இருப்பதற்கு அவர் பட்ட பாட்டை நினைத்தால் இன்றைக்கும் அவரில் எனக்கு மரியாதை. தன் தகரப் பெட்டியைத் திறந்து சிறிய ஜெற்றுகளை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

“கடலுக்குப் பெரிசு அண்ணா. மலைக்குச் சின்னது” என்றார். அவ்வளவுதான் முழுப் பாடமும்.

மாற்றினேன். பிளக்கைத் துடைத்துப் பூட்டினேன். எஞ்சின் பாடியது. அக்கா அருகில் வந்து நின்று கேட்டார், முகம் மலர்ந்தது. எனக்கு அழுகையும் வந்தது, பசியும் வந்தது. காலையிலிருந்து நான் சாப்பிட்டிருக்கவில்லை.

பின்னேர ஓட்டத்துக்கு வரிசையில் நின்றோம். எங்களுக்கு முன்னால் சில கார்கள்தான். அப்போது மலைச்சரிவில் பனிப்புகார் இறங்கியது. முதலில் மேல்வளைவு மறைந்தது, பிறகு மரங்கள், பிறகு முன்னால் நின்ற கார். நடத்துகிறவர்கள் பொறுத்துப் பார்த்துவிட்டு, பாதுகாப்பில்லை, இன்றைக்கு இத்தோடு போதும் என்றார்கள். நான் போய் மன்றாடினேன். நான் பேசிய ஆங்கிலம் எந்த நாட்டினதோ தெரியாது. “விடும் தம்பி. அவை சொல்லுறது சரி” என்று அக்காதான் என்னை இழுத்துக்கொண்டு வந்தார்.

வாங்குகிறவர் ட்ரெயிலரோடு காத்திருந்தார். நல்ல மனிதர். நீங்களே ஏற்றி விடுங்கள் என்று அக்காவிடம் சொன்னார். அக்கா காரைத் திருப்பி, ட்ரெயிலரின் இரண்டு ஏற்றுப் பலகையிலும் ரயரை நேராக வைத்து, ஒரே இழுவையில் மேலே ஏற்றினார். அன்று அந்தக் கார் ஒழுங்காக ஏறிய ஏற்றம் அது ஒன்றுதான்.

இறங்கிக் கதவை மெதுவாகச் சாத்தினார். சாவியைக் கொடுத்தார். என் பக்கம் திரும்பி, “இப்ப நல்லா இழுக்குது, தம்பி” என்றார்.

ஏசியிருந்தால் பதில் ஏதாவது சொல்லியிருப்பேன். எனக்கு அதுதான் தொழில்.

லொறியில் திரும்பி வரும் வழி முழுக்க நான் ஒரு பகிடியும் விடவில்லை. சாரதி எனக்குக் காய்ச்சல் என்று நினைத்து ஒரு குளிசை தந்தார்.

ஜெற்றைப்பற்றி நான் படித்ததை மாத்தளைக்காரர் ஒரு வரியில் சொல்லிவிட்டார். அது இப்போது உங்களுக்குத் தேவைப்படாது, கொம்பியூட்டர் பார்த்துக்கொள்ளும். தேவைப்படுவது மற்றது. ஓட்டுகிறவர் சத்தம் மாறியிருக்கிறது என்றால், முதலில் பொனற்றைத் திறவுங்கள். வாயைப் பிறகு திறக்கலாம். அன்று காலையில் திறந்திருந்தால் கரியைக் கண்டிருப்பேன். மாத்தளைக்காரரும் பக்கத்தில்தான் நின்றவர்.

தவமலர் அக்கா இப்போது சின்ன யப்பான் கார் ஒன்று வைத்திருக்கிறார். எண்ணெய் மாற்ற என்னிடம்தான் வருகிறார். அந்த மலையைப்பற்றி ஒருநாளும் கதைத்ததில்லை. சென்ற மாதம், பின்சில்லுப் பக்கம் ஏதோ சத்தம் கேட்கிறது என்றார். ஒன்றும் சொல்லாமல் படுத்துக் காருக்குக் கீழே போய்விட்டேன். வெகுநேரம் தேடியும் ஒன்றும் அகப்படவில்லை.

“அப்ப ஒண்டுமில்லையோ?” என்று மேலே நின்று கேட்டார்.

“இன்னும் தெரியேல்லை அக்கா” என்றேன்.